விசேஷம் உண்டா?

ரோஸ் பெல், மொரீஷியஸ்
2-9-1959

அன்புள்ள அக்காவுக்கு வாசுகி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அத்தான், பிள்ளைகள் நால்வர், கொல்லைப் பசு உட்பட எல்லோருடைய சுகத்தையும் எழுதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்போது நன்றாக இருக்கிறேன். ஆகையால் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்காதே. போன மாதம் எனக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முன்கூட்டி எழுதினால் நீ காரைக்காலிலிருந்து கப்பல் ஏறிவிடுவாய் என்றுதான் எழுதவில்லை.

என் பெரும்பாடு உனக்குத் தெரியாததா? இங்கே வந்து மூன்று வருஷத்தில் அது இன்னும் மோசமாகிவிட்டது. மாதத்தில் பாதி நாள் ரத்தம். கோயிலுக்கு எதிர்வீட்டில் குடியிருந்துகொண்டு கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. இவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து சாயங்காலம் சந்நிதியில் தேவாரம் பாடுவார், நான் ஜன்னலில் நின்று கேட்பேன். ஆடி மாதம் ஒருநாள் குழாயடியில் குடத்தோடு விழுந்துவிட்டேன். தூக்கிக்கொண்டு போனார்கள். வயிற்றில் கட்டியாம். எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் இங்கிலீஷில் இவரிடம் பேசினார். என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். "கட்டியை எடுத்தாச்சு, இனிமே கஷ்டமில்லை, கொஞ்ச காலத்துக்குத் தீட்டும் வராது" என்றார் இவர். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால் தொண்டையைச் செருமுகிறார்.

அங்கே ரோஸ்-மே என்று ஒரு நர்ஸ். இதே ஊர்க்காரி. என்னை அப்படிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊ நெப்லி எனா மத்ரிஸ், மதாம். ஃபினி" என்றாள். உன் தங்கை கிரியோல் பாஷையில் கெட்டிக்காரியாகிவிட்டாள், தெரியுமா? ‘நெப்லி எனா’ என்றால் இனிமேல் இல்லை. ‘ஃபினி’ என்றால் முடிந்தது. மத்ரிஸ் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், நம் மாத்திரைதான். நம்மவர்கள் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, முருங்கைக்கீரையைக்கூட ‘ப்ரேட் முரும்’ என்கிறார்கள். இனி உனக்கு மாத்திரை கிடையாது, எல்லாம் முடிந்தது என்று சொல்கிறாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, நல்ல மனசுக்காரி. நான் சிரித்துக்கொண்டே ‘மெர்சி’ சொன்னேன்.

எட்டு வருஷமாக ஏன் தங்கவில்லை என்று இப்போது புரிகிறது, அக்கா. கட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் பிள்ளை எங்கே உட்காரும்? இனி இடம் காலி.

இப்படிக்கு,
மாத்திரை இல்லாத உன் தங்கை,
வாசுகி


காரைக்கால்
21-9-1959

சிரஞ்சீவி வாசுகிக்கு அக்கா தையல்நாயகியின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். நீதான் அப்படி இல்லை என்று தெரிகிறது.

உன்னை நாலு போடு போட வேண்டும். வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள், நீ பகடி பண்ணி எழுதுகிறாய். நான் படித்துவிட்டு அடுப்பை மறந்துபோனேன், அத்தானுக்கு அன்றைக்குத் தீய்ந்த பருப்புதான். ஆறு மாதம் வரைக்கும் குடம் தூக்காதே. பூண்டைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடு. அந்த ப்ரேட் முருமோ என்னமோ, அதைத் தினம் சாப்பிடு. குனிந்து பெருக்காதே. மாப்பிள்ளை பெருக்கட்டும், தேவாரம் பாடுகிற வாய்க்கும் துடைப்பம் பிடிக்கிற கைக்கும் சண்டை ஒன்றும் இல்லை.

அடுத்த தெரு ஊகெட்டம்மாளிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டப் போகிறேன். பிரெஞ்சுக்காரன் காலத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தவள். ரத்தம் ஊறுவதற்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டு எழுதுகிறேன்.

நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு கேள்வி கேட்கிறேன். உனக்கு அது குத்தலாகப் படும் என்று தெரிந்தும் கேட்கிறேன், ஏனென்றால் அம்மா இருந்தால் கேட்டிருப்பாள். இந்தத் தடவை முழு மனசோடு கேட்கிறேன். அவசரமில்லை, உடம்பு தேறிய பிறகு பதில் எழுது.

விசேஷம் உண்டா?

அக்கா
தையல்


காரைக்கால்
3-10-1959

தம்பி ஞானசம்பந்தத்துக்கு வாசுகியின் அக்கா எழுதுவது. சுகம் விசாரிக்க இது நேரமில்லை, மன்னிக்கவும். வாசுகி கண்ணில் படக்கூடாது என்று பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன்.

வாசுகியின் கடிதத்தை ஊகெட்டம்மாளிடம் வாசித்தேன். அந்த நர்ஸ் சொன்ன வரி வந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னாள். தானும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "தையலு, மத்ரிஸ்னா மாத்திரை இல்லம்மா. புள்ள தங்குற பை. ஒனக்கு இனிமே அது இல்லன்னு சொல்லியிருக்கா" என்றாள்.

உங்களுக்குத் தெரியாமல் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஏன் செய்தீர்கள் என்று நான் சண்டைக்கு வரவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், அது போதும். ஆனால் அவள் இடம் காலி என்று எழுதியிருக்கிறாள், தம்பி. பிள்ளைக்காக இடம் காலி என்று. 

அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டினவர் வாயால் கேட்டால் தாங்கிக்கொள்வாள்.

தையல்நாயகி


ரோஸ் பெல்
28-10-1959

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு ஞானசம்பந்தம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. திருவருளால் நலம் என்று எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு எழுதுகிறேன்.

கட்டி ஒன்றல்ல, பல என்றார் டாக்டர். அவை கெட்ட கட்டிகள் அல்ல, ஆனால் பையெங்கும் பரவியிருந்தன. அவளை மேசையில் கிடத்தியபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. கட்டியை மட்டும் எடுக்கப் பார்க்கலாம், ரத்தம் நிற்காவிட்டால் பிழைப்பது சந்தேகம், முழுவதையும் எடுத்தால் பிழைப்பாள் என்றார். யோசிக்க அவகாசம் தரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே போகுமுன் அவள் என்னிடம், "கட்டிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தாள். அக்கா, அந்தச் சொல் என் காதில் இருக்கிறது.

இப்போது அவள் சமையலறையில் பாடுகிறாள். மூன்று வருஷமாக நான் கேட்காத குரல் அது. கோயிலுக்குள் வந்து என் எதிரில் உட்காருகிறாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? தைப்பூசம் கழியட்டும். அதுவரை தாங்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஞானசம்பந்தம்


ரோஸ் பெல்
6-12-1959

என் அருமை அக்காவுக்கு, நான் சுகமோ சுகம். நீ சுகம்தானா? ஊகெட்டம்மாளிடம் கேட்டு எழுதுகிறேன் என்றவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையைக்கூடத் துடைக்காமல் ஓடுகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது தெரியுமா? பாவாடை கட்டின காலத்தில் இப்படி இருந்தேன், அதற்குப் பிறகு இப்போதுதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கடைக்கு நடக்கிறேன். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, எந்த நாள் வேண்டுமானாலும் கோயில். இங்கே நம்மவர்கள் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள், சாமிக்கு மட்டும் தமிழ். அவர்கள் பிள்ளைகள் பாட்டை அர்த்தம் தெரியாமல் கணீரென்று பாடுகின்றன. இவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்லிக் கொடுக்கிறார். நானும் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.

முதலில் இவர் என்னைத் தொடவே பயந்தார். சுவரைப் பார்த்துப் படுப்பார். காயம் வலிக்கும் என்று பயப்படுகிறாராக்கும் என்று இருந்துவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு சுவரை விட்டுவிட்டார். அக்காவுக்கு இதற்குமேல் எழுத முடியாது.

அதனால்தான் உன்னிடம் முதலில் சொல்கிறேன். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. காலையில் குமட்டுகிறது. வயிறு உப்பலாக இருக்கிறது. தீட்டு வரவே இல்லை. கொஞ்ச காலத்துக்கு வராது என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் இது அது மாதிரி இல்லை. எனக்குள் தெரிகிறது.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்குப் பதில்: இருக்கலாம். திருஷ்டி பட்டுவிடும், அத்தானிடம் மட்டும் சொல்.

வாசுகி


காரைக்கால்
10-1-1960

வாசுகிக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம்.

எழுதத் தாமதமாகிவிட்டது. மார்கழி மழை விடவே இல்லை, கொல்லைச் சுவர் சரிந்துவிட்டது, அத்தான் ஆள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். பெரியவள் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படிக்கிறாள். சின்னவனுக்குப் பல் ஆடுகிறது, அதைக் கையால் ஆட்டிக்கொண்டே திரிகிறான். நார்த்தங்காய் இந்த வருஷம் கொள்ளை, உப்பில் ஊறவைத்தேன். யாராவது கப்பலில் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. சாதம் வடிக்கிற வேலையைப் பெரியவளிடம் விட்டுவிட்டேன், அந்த வாடை ஆகவில்லை.

உன் உடம்பைப் பற்றி எழுதியிருந்தாய். எதையும் நீயாக நினைத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையை உட்காரவைத்து, டாக்டர் என்ன சொன்னார் என்று முழுசாகக் கேள். அவர் தொண்டையைச் செருமினால் விடாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா


ரோஸ் பெல்
29-1-1960

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். அங்கே சுகம்தானே.

நான் எவ்வளவு பெரிய சேதி எழுதினேன், நீ நார்த்தங்காய்க் கதை எழுதியிருக்கிறாய். கோபமா? இவரிடம் முதலில் சொல்லாமல் உன்னிடம் சொன்னது தப்பா?

சரி, இவரிடமும் சொல்லிவிட்டேன். பூசத்தன்று காவடி எல்லாம் இறங்கி, கோயிலில் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அப்படியே நின்றார். பிறகு என் மடியில் தலையை வைத்து அழுதார், அக்கா. தேம்பித் தேம்பி. ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தை இப்படியும் தாங்க முடியாமல் போகுமா? நான் தலையைக் கோதிக் கொடுத்தேன். ஏதோ சொல்ல வந்தார், நான்தான் வாயைப் பொத்திவிட்டேன், பேச வேண்டாம் என்று.

நடுவில் ஒரு புயல் அடித்தது. கூரையில் தகரம் ஒன்று போயிற்று. நாங்கள் சுகம்.

வாசுகி


காரைக்கால்
15-2-1960

தம்பி, பூசம் கழிந்துவிட்டது.

நீங்கள் அழுததை அவள் சந்தோஷம் என்று எனக்கு எழுதியிருக்கிறாள். இதற்குமேல் என்னால் முடியாது. பங்குனி பிறப்பதற்குள் நீங்கள் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் எழுதிவிடுவேன். நான் எழுதினால் உங்களை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள், என்னையும்தான்.

தையல்நாயகி


ரோஸ் பெல்
30-3-1960

அக்காவுக்கு,

புயல் சேதி பத்திரிகையில் பார்த்திருப்பாய். கரோல் என்று பெயர் வைத்தார்கள். முன்னது போல இல்லை. கரும்பெல்லாம் படுத்துவிட்டது, எங்கள் வீட்டில் சுவர் மட்டும்தான் மிச்சம். உயிருக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில்தான் ஊர்ப்பெண்கள் எல்லோரோடும் இரண்டு வாரம் இருந்தோம்.

அங்கே ரோஸ்-மே வந்திருந்தாள். காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து எல்லோருக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைவலி. வரிசையில் நின்று, என் முறை வந்ததும், நல்ல கிரியோலில் கேட்டேன்: "தோன் ம்வா என் மத்ரிஸ், சில்வூப்ளே." எனக்கு ஒரு மாத்திரை கொடு என்று.

வகுப்பறை முழுக்கச் சிரிப்பு. வீடு போன பெண்கள் எல்லாம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்கள். போலெட் என்று ஒருத்தி, தன் அடிவயிற்றைத் தட்டிக் காட்டி, என்னுடையதை எடுத்துக்கோ மதாம், ஏழு பெற்றாகிவிட்டது, எனக்கு இனி வேண்டாம் என்றாள். எனக்குப் புரியவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ரோஸ்-மே மட்டும் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், சாய்ந்துகிடந்த மாமரத்தடியில் நிறுத்தி, என் தையல் தழும்பின்மேல் கையை வைத்தாள். "சா மெம் மத்ரிஸ்" என்றாள். இதுதான் மத்ரிஸ்.

அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டே மெர்சி சொன்னேனே, அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டேன். தைரியசாலி என்று நினைத்தேன் என்றாள். குமட்டலும் உப்பலும் என்ன என்று கேட்டேன். ரொம்ப ஆசைப்பட்டால் உடம்பும் நம்பிவிடும் என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு அழ அவள்தான் கிடைத்தாள்.

இவரிடம் போய் நின்றேன். இவர் பொய் சொல்லவில்லை. "நீ செத்துப் போயிருப்ப, வாசுகி" என்றார். சரி, சாகவிடாமல் பிடித்தார், அதற்குக் கும்பிடுகிறேன். என் வயிற்றைப் பற்றி டாக்டரோடு இங்கிலீஷில் பேசினார். நர்ஸ் கிரியோலில் சொன்னாள். தமிழ் சொல்லிக் கொடுக்கக் கடல் தாண்டி வந்தவர், ஒவ்வொரு சொல்லுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்கிறவர், எனக்கு ஒரு வார்த்தை தமிழில் சொல்லவில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசவில்லை. அவருக்குச் சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார்.

அடுத்தது நீ. உன் கடிதங்கள் மழையில் நனைந்துவிட்டன. கயிற்றில் போட்டுக் காயவைத்தேன். காயவைக்கும்போது வாசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொன்றின் அடியிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. நான் எத்தனை தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்த கேள்வி அது. தை மாதம் வந்து சேர்ந்த கடிதத்தில் இல்லை. குமட்டுகிறது என்று எழுதிய தங்கையிடம் அதைக் கேட்காத அக்கா உலகத்தில் உண்டா? உனக்கும் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சாதம் வடிக்கிற வாடை ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் பிள்ளைகள் நாலும் வயிற்றில் இருந்தபோது உனக்கு அந்த வாடைதான் ஆகாது. பெரியவளுக்கு நான்தான் வடித்தேன், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு. மறந்துவிட்டாயா?

எனக்கு இப்போது ரத்தம் இல்லை, வலி இல்லை, மயக்கம் இல்லை. புயலுக்குப் பிறகு தகரமும் பலகையும் நானே தூக்கினேன். இவ்வளவு நன்றாக என் உடம்பு இருந்ததே இல்லை, அக்கா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

துக்கத்தை மறைத்து ஒருவர் என்னை ஏமாற்றினார். சந்தோஷத்தை மறைத்து நீயும் ஏமாற்றாதே. நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது.

விசேஷம் உண்டா?

வாசுகி


காரைக்கால்
18-4-1960

வாசுகி,

உண்டு. ஏழாம் மாதம் நடக்கிறது. சின்னவன் பிறந்து எட்டு வருஷம் கழித்து, பெரியவள் தாவணி போட்ட பிறகு, வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. வயிற்றில் இது புரளும்போதெல்லாம் உன்னிடம் திருடின மாதிரி இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை ஊகெட்டம்மாளிடம் காட்டவில்லை. நானே வாசித்தேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், பெரியவள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இது பிறக்கும்போது எழுதுவேன். பெண்ணா பையனா, என்ன நிறம், எப்படி அழுகிறது, எல்லாம் எழுதுவேன். ஒன்றையும் விடமாட்டேன். நீ வாசிக்க முடியாத நாளில் மடித்து வைத்துவிடு, முடிகிற நாளில் வாசி.

மாப்பிள்ளையிடம் பேசு என்று நான் சொல்லமாட்டேன். உனக்கு எப்போது வருகிறதோ அப்போது பேசு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி எனக்கு எழுதும்போது முதல் வரியில் ‘சுகம்’ என்று எழுதாதே. எப்படி இருக்கிறாயோ அதை எழுது.

அக்கா